பக்கத்து சீட்டு பிரேக்

பல்செட்காரரை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கைவேலை பாதிப் பேர் வாயில் இருக்கிறது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அரம் போட்டு, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். வேலை அறையில் அலமாரி அலமாரியாக வெள்ளைத் தாடைகள். முதல் தடவை வருகிறவர்கள், இத்தனை பேர் ஒரே சமயத்தில் தங்களைப் பார்த்து இளிப்பதைத் தாங்க மாட்டாமல் கதவோடு நின்றுவிடுவார்கள். தொழிலில் அவருக்கு ஒரே தத்துவம்தான்: “பொய்ப்பல்லுங்கறது போட்டவனுக்கே மறந்து போகணும். அப்பத்தான் அது பல்லு.”

தத்துவங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஊர் முழுக்கச் செல்லுபடியாகும். சொந்த வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் நிலைப்படியில் தலை இடிக்கும்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. குடும்பம் போய்வருகிற கார் இல்லை. அது தனியாக ஒன்று, டயரும் தகரமுமாக, யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்துகொண்டிருந்தது. இது பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாகத் தவழும். பழைய இரும்புக் கடையின் பின்கட்டில், முன்பக்க கிரில்லில் ஒரு கம்பிகூட மிச்சமில்லாமல், பொக்கை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வேறொருவர் என்றால் என்ஜினைப் பார்த்திருப்பார். இவர் வாயைப் பார்த்தார். தொழில்முறை இரக்கம் பொங்கிவிட்டது. அன்றே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதை எழுப்பி நிறுத்தப் பத்து வருடம் ஆயிற்று. என்ஜினை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக் பார்த்துக்கொண்டார். கிரில் கம்பிகளை மட்டும் இவர் யாரையும் தொடவிடவில்லை; ஒவ்வொன்றாகத் தானே தேய்த்து, பல்லுக்குப் பார்ப்பதுபோலக் கடி சரிபார்த்துப் பொருத்தினார். பெயிண்ட் அடிக்கும் நாளன்று, பல்லின் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். கடைசியில் கார், நன்றாகத் தேய்த்து வளர்த்த ஒரு கடைவாய்ப் பல்லின் நிறத்தில் வந்து நின்றது.

மனைவிக்கு வீட்டின் முன்னறையில் தையல் கடை. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, இடுப்பு பெருத்தவர்களின் பேண்ட்டுக்கு மறுவாழ்வு. “வீட்டுக்காரர் இல்லீங்களா?” என்று யாராவது கேட்டால், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பதில் வரும்: “சின்ன வீட்டுக்குப் போயிருக்காரு.” கேட்டவர் முகம் வெளுப்பதை ஆசைதீரப் பார்த்த பிறகுதான், “பின்னால கொட்டகையில பாருங்க, துடைச்சிட்டிருப்பாரு” என்பார்.

பல்செட்காரருக்கு இருந்த ஒரே குறை, அந்த இரண்டாவது சீட்டு. மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார், மச்சான் உட்கார்ந்திருக்கிறான், ஒரு தடவை சிமெண்ட் மூட்டைகூட உட்கார்ந்து வந்திருக்கிறது. யாரை நினைத்து அந்தத் தோல் உறையை வாங்கிப் போட்டாரோ, அந்த ஆள் மட்டும் உட்காரவில்லை.

காரணம், அந்த அம்மாளின் வலது கால். முப்பது வருடமாக மோட்டார் தையல் மெஷினை ஆண்ட கால் அது. மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். தன் சொல் கேட்காத எந்த இயந்திரத்தின்மீதும் அந்தக் காலுக்கு நம்பிக்கை கிடையாது. குடும்பக் காரில் பக்கத்தில் உட்கார்ந்தால், சைக்கிள்காரன் எதிரே தெரிந்த உடனே தரையை ஓங்கி மிதிப்பார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் குதிகால் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் டிரைவருக்கு இவர்தான் ஒத்தாசை.

ஒருநாள் பல்செட்காரர் நச்சரித்தபோது அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அதுல நான் ஏறணும்னா, எங்கால்ல ஒரு பிரேக்கு இருக்கணும். இருக்கா?”

“இருந்தா ஏறுவியா?”

“இருந்தா ஏறுவேன். எரும மாடு ஏரோப்ளேன் ஓட்டுன அன்னிக்கு நானும் ஏறுவேன்.”

இதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு அவர் மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “டிரைவிங் ஸ்கூல் வண்டியில வைக்கலாம்ணே. இதுல கை வச்சா, இருக்கற பிரேக்கும் போயிடும்.”

நிஜ பிரேக் இல்லை என்று ஆனது. அதனால் என்ன? உண்மையான பல் இல்லாத வாய்க்கெல்லாம் இவர் என்ன செய்துகொண்டிருக்கிறாராம்?

பழைய வண்டியிலிருந்து கழற்றிய மிதிகட்டை ஒன்று கிடைத்தது. அதற்குப் புது ரப்பர் போட்டார். ஸ்பிரிங்கை மட்டும் மூன்று தடவை மாற்றினார். ஒன்று பஞ்சாக அமுங்கியது, ஒன்று கல்லாக நின்றது, மூன்றாவதில்தான் அந்த ‘கபக்’ என்ற பிடிப்பு வந்தது. மிதிகட்டையின் கம்பி தகட்டுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ஸ்பிரிங்கில் முட்டி, அங்கேயே தன் பயணத்தை முடித்துக்கொண்டது. மெக்கானிக் வேலைப்பாட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார். “அண்ணே, எனக்கே மிதிக்கணும்போல இருக்கு. ஆனா அண்ணிக்குத் தெரிஞ்சா என் கடைப் பக்கம் வராதீங்க, சொல்லிட்டேன்.”

அம்மாள் வந்து பார்த்தார். கையால் அழுத்தினார், காலால் மிதித்தார். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அம்மாள் மிதித்தார். அதே நொடியில் இவரும் மிதித்தார். கார் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நின்றது.

“பரவால்லியே! நல்லா பிடிக்குதே!”

“புது லைனிங்” என்றார் பல்செட்காரர். முகத்தை நாயின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வாய்க்கால் கரைச் சாலைதான். ஊருக்குப் பின்னால், லாரிகள் வராத, இரண்டு பக்கமும் மரம் வளர்ந்த ஒற்றைச் சாலை. பிளாஸ்க்கில் டீ. முப்பது வருடமாக ஒரே கூரைக்கடியில் இருந்தும், ஒருவருக்கு அரத்தின் சத்தம், ஒருவருக்கு மெஷின் சத்தம் என்று பேசாமலே விட்டுப்போன பேச்செல்லாம் கூரையில்லாத அந்தக் காரில் வெளியே வந்தது. எந்த டீச்சருக்குத் தன் இடுப்பளவைச் சொல்லக் கூச்சம், எந்த வக்கீல் வாய்க்கு மேல்தாடை பொருந்தாமல் கேஸே தோற்றது என்று இருவரும் தொழில் ரகசியங்களைப் பரிமாறிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பல்செட்காரரின் கண் சாலையில் பாதி, அம்மாளின் காலில் பாதியாக இருந்தது. அந்தக் கால் அசைந்தால் இவர் கால் அசைய வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் குட்டு உடைந்துவிடும். போகப்போக, பாதிப் பாதி என்பது போய், அம்மாளின் காலில் முக்கால், சாலையில் கால் என்று ஆயிற்று. குறை சொல்லக் கூடாது, அது கெட்டிக்காரக் கால். வளைவு வருமுன் மிதித்தது, பள்ளம் வருமுன் மிதித்தது. எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் உத்தியோகத்தையே இவர் அதனிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மச்சான், “மாமா எப்பிடிக்கா ஓட்டறாரு?” என்று கேட்டான்.

“அவரு எங்கடா ஓட்டறாரு? ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மத்ததெல்லாம் நான்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பல்செட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அது அப்பட்டமான உண்மையாக இருந்ததால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கவனிக்காத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கால் வாரத்துக்கு வாரம் இளகிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை மிதித்த இடத்தில் மூன்று. மூன்று தடவை மிதித்த இடத்தில் ஒன்று. அம்மாளுக்கு பிரேக்கைவிட அதற்கப்பால் உட்கார்ந்திருந்த ஆளின்மேல் நம்பிக்கை வரத் தொடங்கியிருந்தது. கட்டிய கணவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. விபத்துக்கும் இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தடித்த ஒருவர் தன் பேண்ட் சுருங்கிவிட்டது என்று சோப்புக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு கடைக்கு வந்த கதையை, அவர் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். இருவருக்கும் சிரிப்புத் தாளவில்லை. வளைவு வந்தது. வளைவில் செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது.

பல்செட்காரர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது; செங்கல்லின் நிறம்கூட நினைவிருக்கிறது. பார்த்துவிட்டு, கால் மிதிப்பதற்காகக் காத்திருந்தார்.

கால் சீட்டின்மேல் சம்மணம் போட்டிருந்தது.

பிறகு அவர் மிதித்ததும், ஸ்டியரிங்கை ஒடித்ததும், கார் சாலையைவிட்டு இறங்கிப் புல்சரிவில் வழுக்கிப் போய் ஒரு பட்டமரத்தின் அடிக்கட்டையை முத்தமிட்டதும் ஒரு தும்மல் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கிரில் கம்பிகள் புல்லில் சிதறின. காரின் மூக்கு உள்ளே போய்விட்டது. ஆவி புஸ்ஸென்று எழுந்தது.

டிராக்டர்காரர் ஓடிவந்தார். “நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தானேங்க வந்தீங்க? சண்ட போட்டுக்கிட்டு வர்றவங்ககூட ரோட்டுலதான் போறாங்க!”

இருவருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. அம்மாளுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. ஆனால் அவர் நெற்றியைத் தொடவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மிதிக்கலைங்க.”

“அடி பட்டிருக்கா பாரு மொதல்ல.”

“கால மடக்கி வச்சுக்கிட்டு கத பேசிட்டு வந்துட்டேன். பத்து வருசமா பொத்திப் பொத்திப் பாத்த வண்டி. எங்கால்லதானே இருந்தது பிரேக்கு…” என்றவர், புல்லில் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். பல்செட்காரரின் நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும், “நான்தாங்க இடிச்சுட்டேன்” என்றார் அம்மாள். மச்சான் வழக்கம்போல, “மத்ததெல்லாம் நான்தான்னு சொன்னியேக்கா, கரெக்டாத்தான் சொல்லிருக்க” என்றான். பதிலுக்கு அவன் காதைத் திருகியிருக்க வேண்டியவர், எழுந்து உள்ளே போய்விட்டார். மச்சானே மிரண்டுபோனான்.

அதைவிட மோசம், முன்னறை அமைதியாக இருந்தது. சீருடைத் துணிகள் வெட்டி அடுக்கியபடியே கிடந்தன. அம்மாள் மெஷின்முன் உட்காருவார், துணியை ஊசிக்கடியில் வைப்பார், காலை மிதிகட்டைக்கு அருகில் கொண்டுபோவார். பிறகு எடுத்துவிடுவார். “என்னமோ கால்மேல நம்பிக்க வரமாட்டேங்குது” என்று பொதுவாகச் சுவரிடம் சொல்வார்.

வேலை அறையில் பல்செட்காரர் யாரோ ஒருவரின் கீழ்த்தாடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சொன்னால், இந்தப் பிறவியில் அந்த சீட்டில் அவள் உட்காரப் போவதில்லை. சொல்லாவிட்டால், அவள் தன் காலையே நம்பப் போவதில்லை. தாடை பதில் சொல்லாமல் இளித்தது. எழுந்து, “வா, மெக்கானிக் கடைவரைக்கும் போய்ட்டு வருவோம்” என்றார்.

கடையில் கார் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பக்கம் முழுக்கக் கழன்றிருந்தது. நிலைமை புரிந்த மெக்கானிக், கேட்காமலே டீ குடிக்கப் போய்விட்டார்.

“குனிஞ்சு உள்ள பாரு. உன் பிரேக்குக் கம்பி.”

அம்மாள் குனிந்து பார்த்தார். விரலால் கம்பியைத் தொடர்ந்து போனார். விரல் ஸ்பிரிங்கில் வந்து நின்றது.

“இது எங்க போவுது?”

“எங்கயும் போகல.”

“அப்ப வண்டி நின்னதெல்லாம்?”

“நீ மிதிச்சப்ப நானும் மிதிச்சேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“அன்னிக்கு?”

பல்செட்காரர் காரின் பொக்கை வாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ மிதிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இடிச்சது நான்தான்மா. உன் கால்மேல ஒரு தப்பும் இல்ல.”

அம்மாளின் விரல் ஸ்பிரிங்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. பிறகு அம்மாள் நிமிர்ந்தார்.

“ஊர்ல உள்ள வாய்க்கெல்லாம் பொய்ப்பல்லு வச்சது பத்தலன்னு, எங்காலுக்கும் ஒண்ணு வச்சீங்களா?”

“நீ வரணும்னுதான்…”

“பேசாதீங்க.”

வெளியே வந்த அம்மாள், முதலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். குடும்பக் காரில் பல்செட்காரர் அந்த பஸ்ஸின் பின்னாலேயே, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, குற்றம் செய்தவன் ஊர்வலம் போவதுபோலப் போனார். பஸ் நின்றபோதெல்லாம், உள்ளே ஒரு கால் மிதித்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நிலைமையிலும் அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை அவர் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு கால் பாய்ச்சலில் பாய்ந்தது. ஒவ்வொரு தையலிலும் தன் பெயர் இருப்பது அவருக்குக் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். அலமாரித் தாடைகளுக்கு நடுவே அவருடைய சிரிப்பும் ஒன்றாகக் கலந்திருந்தது.

சாப்பாட்டுத் தட்டு மேஜையில் ‘ணங்’கென்று வந்து இறங்கியது. எதிரே அம்மாள் உட்கார்ந்தார்.

“வண்டி எப்ப சரியாகுமாம்?”

“ஆறு மாசமாவது ஆகும்.”

“நெசமான பிரேக்கு அதுல ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான். எம்பக்கம்.”

“அப்ப நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்” என்றார் அம்மாள். “டிரைவிங் ஸ்கூல்ல கேட்டுட்டேன். காலையில ரெண்டு வகுப்பு இருக்காம்.”

பத்து வருடத்தில் அந்த ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை என்ற உண்மை பல்செட்காரரின் தொண்டைவரை வந்தது. தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்து அதை உள்ளே அனுப்பினார்.

“எத்தன மணி வகுப்புல சேர்றே?” என்று கேட்டார். “நான் கொண்டுபோய் விடறேன்.”