சிவந்ததெல்லாம் பழமில்லை

எங்கள் வெள்ளவத்தை வாடகை வீட்டின் பின்வளவில் ஓர் உகுரஸ்ஸ மரம் நின்றது. பெயர் சிங்களம். இங்கிலீஷ்காரர் அதைப் பிளம்ஸ் என்பார்கள். கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், சிவந்ததெல்லாம் பழமென்று வாயில் போட்டு, நாக்கை இழுக்கும் கயர் தாங்காமல் துப்பினேன். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் பக்குவம் பிடிபட்டது. சிவப்புப் போதாது, நிறம் கறுப்பை நெருங்க வேண்டும். அடியில் கையை ஏந்தி விரலால் தொட்டால், இழுக்காமலே கழன்று விழ வேண்டும். அதன் பிறகும் உள்ளங்கைகளுக்குள் வைத்து உருட்டி மெதுவாக்கினால்தான் இனிக்கும். இதெல்லாம் படிப்பதற்குள் முள்ளுக் கீறாத இடம் என் கையில் இல்லை.

இரண்டாம் உலக யுத்தக் காலம், சீனியும் கூப்பனுக்குத்தான். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததென்று ஹெவ்லொக் டவுனுக்குப் போய் நாலு நாள் நின்றேன். திரும்பி வந்தால், உச்சிக் கொப்பைத் தவிர மரத்தில் ஒன்றுமில்லை.

"எங்கட கந்தோர் சீஃப் கிளாக்கரின்ர மனுசி ஜாம் காய்ச்ச ஆசைப்பட்டவ. பிடுங்கிக் குடுத்திட்டன்," என்றார் என் கணவர்.

"என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே? அது இன்னும் பழுக்கேல்லை!"

"சிவந்துதானே கிடந்தது. பழம் புடுங்கவும் உம்மட்டக் கேக்கோணுமோ?"

பத்து நாள் கழித்துக் கந்தோரால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஜாம் வாயில் வைக்க முடியாத கயராம். கூப்பனுக்குக் கிடைத்த சீனி முழுவதும் பாழாம். "உம்மட மனுசிக்குப் பழம் பார்த்துப் பிடுங்கவும் தெரியாதோ?" என்று சீஃப் கிளாக்கர் எல்லாருக்கும் முன்னால் கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? அவவுக்குத் தெரியாதுதான் சேர் எண்டன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதாம்! சொன்னது யார்? ஒரு நாளாவது அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றாத மனிதர்.

உச்சிக் கொப்பில் மிஞ்சியவை கறுக்கும்வரை பொறுத்திருந்தேன். ஏணி வைத்து ஏறி, தொட்டுத் தொட்டுக் கழன்றதை மட்டும் எடுத்தேன். ஒரு சின்னக் கூடை தேறியது. அவர் கந்தோருக்குப் போனபின் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் சீஃப் கிளாக்கரின் மனுசியின் வீட்டைத் தேடிப் பிடித்தேன்.

"முதல் வந்தது நான் புடுங்கினதில்லை. என்ர மனுசன் புடுங்கினது. இதுதான் நான் புடுங்கினது," என்று கூடையை நீட்டினேன்.

அவ ஒன்றை வாயில் போட்டா. பிறகு இன்னொன்று. நாலாவதும் முடிந்த பிறகு சொன்னா:

"நல்ல இனிப்பு. இது வேற மரம் போல."

"அதே மரம்தான்!" என்றேன். என் சத்தத்துக்கு முன்வீட்டு யன்னல் திறந்தது. அவ கூடையை உள்ளே கொண்டுபோய் வெறுமையாக்கி வந்து தந்தா. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

அடுத்த நாள் என் கணவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கந்தோரில என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்," என்றார்.

"என்ர மானத்தை நீங்கள் வித்தபோது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானாகப் போய்ச் சமாதானம் பேசவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதற்காக எனக்கு வருத்தமில்லை. கோபம்தான் இன்னும் ஆறவில்லை.