தங்க ஸ்டார் வாங்கிய அமைதி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடியவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை... அவ்வளவுதான். இப்போது ஓடுகிறது. சொல்லிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் எங்கள் திருத்தணி சர்ச்சில் பத்து நாள் வி.பி.எஸ். நடக்கும் – விடுமுறை வேதாகமப் பள்ளி. பாட்டு, கதை, கைவேலை, மத்தியானம் சாம்பார் சாதம். சர்ச் பிள்ளைகள் பாதி. ‘வீட்ல இருந்தா உயிரை வாங்குது’ என்று தெருக்காரர்கள் அனுப்பிவைக்கிற பிள்ளைகள் பாதி. கைவேலை என் பொறுப்பு. போன வருஷம் செய்ததையே இந்த வருஷமும் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்படி ஒரு அரிப்பு.

இந்த வருஷம் ஜெப விளக்கு. பேப்பர் கப்பில் ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, உள்பக்கம் கலர் கண்ணாடித் தாள் ஒட்டி, யாருக்காக ஜெபம் செய்கிறோமோ அதை வெளியே எழுத வேண்டும். உள்ளே ஒரு விளக்கு. மெழுகுவர்த்தி வைத்திருக்கலாம்தான். ஆனால் நான் பாதுகாப்பு பார்க்கிறவள் ஆயிற்றே! அரக்கோணம் கடைத்தெருவில், பட்டன் பேட்டரி போட்ட குட்டி பிளாஸ்டிக் விளக்காகப் பார்த்து இரண்டு டஜன் வாங்கிவந்தேன்.

அடிமூடி லேசாக இருந்தது. நகத்தால் நெம்பினாலே கழன்றது. பார்த்தேன். ‘போகட்டும், நெருப்பு இல்லையே’ என்று பையில் போட்டுக்கொண்டேன். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் – நான் பார்த்தேன்.

என் வகுப்பில் இருபத்து நாலு பிள்ளைகள். அதில் பிரின்ஸிக்கு ஆறு வயது. வாயா அது? சர்ச் கேட்டில் நுழையும்போது ஆரம்பித்தால், சாயங்காலம் அவள் அம்மா செல்வி வந்து இழுத்துப் போகும்வரை ஓயாது. “டீச்சர், எங்க நைனா பள்ளிப்பட்டுல தறி ஓட்டிகினு கீறாரு டீச்சர். தறி சத்தத்துல எங்க நைனாவுக்கு காதே கேக்காது டீச்சர்.” அப்பா காதில் விழட்டும் என்றுதான் இவள் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாளோ என்னவோ!

ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிஷம் அமைதி ஜெபம் உண்டு. கண்ணை மூட வேண்டும். வாயையும் மூட வேண்டும். யார் அசையாமல் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தங்க ஸ்டார். ஆறு நாளில் பிரின்ஸிக்கு ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் காலை என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எனுக்கு மட்டும் ஏன் டீச்சர் பேச்சு தானா வந்துடுது?”

பாவமாக இருந்தது. ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். “வாய்ல ஒரு மிட்டாய் இருக்குதுன்னு நெனச்சுக்கோ. வாயைத் திறந்தா கீழ விழுந்துடும். அப்ப பேசுவியா?”

“பேச மாட்டேன் டீச்சர்.”

அன்றைக்கு மத்தியானம் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினோம். பிள்ளைகள் கப்புக்குள் விளக்கை வைத்து, கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார்கள். பிறகு கண்ணை மூடினார்கள். இரண்டு நிமிஷம்... ஆச்சரியம்! பிரின்ஸி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதடு பிரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. என் வழி பலித்துவிட்டதே! ஸ்டாரை அவள் நெற்றியிலேயே ஒட்டி, “சபாஷ்டி!” என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

அப்புறம் ஒவ்வொரு விளக்காக ஏற்றினேன். இருபத்து மூன்று எரிந்தன. கடைசி ஒன்று எரியவில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன். அடிமூடி இல்லை. பேட்டரியும் இல்லை.

முதலில் மேஜைக்கு அடியில் தேடினேன். பிறகு தரையில். போர்வைகளை இழுத்துப் போட்டுவிட்டு, வெளிச்சத்தில் முட்டி போட்டுத் தேடினேன். பாய்க்கு அடியில் மூடி கிடைத்தது. பேட்டரி கிடைக்கவில்லை. கப்பைத் திருப்பிப் பார்த்தேன். யாருக்காக ஜெபமோ அதைத்தானே எழுதச் சொன்னேன்? செய்த பிள்ளையின் பேர் இல்லை. கோணல் மாணலாக எழுதியிருந்தது: ‘டீச்சர் தொண்ட சரி ஆவனும்.’

மூன்று நாளாகக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“இது யார் கப்பு?”

ஒரு சத்தமில்லை. கேட்ட தொனி அப்படி. மறுபடி, இன்னும் மோசமாகக் கேட்டேன். ஒரு குட்டி அழ ஆரம்பித்தது. அதட்டினால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? அப்போதுதான் தோன்றியது – வாயைத் திறக்க வைத்தால் போதுமே! “சரி, யாரையும் திட்ட மாட்டேன். வரிசையா உங்க பேரை மட்டும் சத்தமா சொல்லுங்க” என்றேன்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பத்து... பதினைந்து... பதினெட்டாவது, பிரின்ஸி.

சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். உதட்டோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கழுத்தைக் கையால் பிடித்திருந்தாள். நெற்றியில் தங்க ஸ்டார் மின்னியது.

“பேட்டரியை முழுங்கிட்டா!” என்று கத்திக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சர்ச்சுக்கு எதிரே டூவீலர் மெக்கானிக் பாஷா பாய் கடை. உடன் ஓடிவந்த சமையல்கார அம்மா தண்ணீர் டம்ளரை நீட்ட, பாய் அதைப் பிடுங்கித் தூர ஊற்றினார். “தண்ணி கிண்ணி குடுக்காதீங்கம்மா! காசுன்னா பரவால்ல. இது பேட்டரி, ஈரம் பட்டா வேலை காட்டும். ஏறுங்க வண்டில!”

அவர் பைக்கில் ஏறினேன். அன்று கிருத்திகை. கேட்க வேண்டுமா? மலைக்குப் போகிற கூட்டம், இறங்கி வருகிற கூட்டம், மொட்டைத் தலைகள், மஞ்சள் வேட்டிகள், காவடிகள், ஆந்திரா வேன்கள். ஆஸ்பத்திரி இருந்தது ஒரு கிலோமீட்டர்தான். நடுவில் ஊரே நின்றது.

“கொயந்த! கொயந்தைங்க! வழி வுடுங்க!” பாய் ஹாரனை விட்டுவிட்டு வாயாலேயே கத்தினார். ஒரு காவடிக்காரர் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பினார். என் மடியில் குழந்தையைப் பார்த்ததும், காவடியைக் குறுக்கே பிடித்துப் பின்னால் வந்த கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். “அரோகரா” சத்தத்துக்கு நடுவே ஒரு வண்டி அகலத்துக்குப் பாதை திறந்தது. பேரிகேடை ஒரு போலீஸ்காரர் இழுத்துத் தள்ளினார்.

ஏழு நாளாகப் பிள்ளைகளுக்கு விதவிதமாக ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். விரல் ஜெபம், இலை ஜெபம், சங்கிலி ஜெபம். அந்த வண்டியில் ஒன்றாவது ஞாபகம் வந்ததா? “ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே...” இதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. என் விரல்களில் அவள் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

எக்ஸ்ரேயில் தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே, வட்டத்துக்குள் ஒரு வட்டம். “எவ்ளோ நேரமாச்சு?” என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். எனக்கு நிமிஷம் தெரிந்தது. ஸ்டார் ஒட்டிய நேரம்! சொன்னேன். “உணவுக்குழாயில மாட்டியிருக்கு. உட்கார்ந்த இடத்துல அரிச்சு ஓட்டை போட்டுடும். மெட்ராஸ் போயிடுங்க, இப்பவே.” ஆம்புலன்ஸுக்கு அவரே போன் போட்டார்.

செல்வி வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கதவை மூடப்போனார்கள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “உங்கள நம்பித்தானே அனுப்பினேன்” என்று ஒரு வார்த்தை... ஊஹூம். ஏறி உட்கார்ந்து, பிள்ளை தலையை மடியில் வைத்துக்கொண்டு, “டீச்சர், நீங்களும் வாங்க. அது உங்களத்தான் தேடும்” என்றாள். சென்னை வரைக்கும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழியெல்லாம் பிரின்ஸி பேசவே இல்லை. ஆறு நாளாக ‘வாயை மூடு, வாயை மூடு’ என்று கேட்ட எனக்குக் கிடைத்த அமைதி அது.

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். உள்ளே லேசாக வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை, ஆறிவிடும் என்றார்கள். செல்வி அப்போதுதான் அழுதாள். நான் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தேன்.

மறுநாள் காலை பிரின்ஸி கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தாள். குரல் காற்றாக வந்தது. “டீச்சர்... மிட்டாய் இருக்குதுன்னு நெனச்சேன். அப்பவும் பேச்சு வந்துகினே இருந்துச்சி. அதான் அந்த பேட்டரிய எடுத்து வாய்ல போட்டுகினேன். முழுங்கல டீச்சர், நாக்குலயே வெச்சிகினு இருந்தேன். நீங்க சபாஷ்னு தட்டுனீங்களா... உள்ள பூடுச்சி.”

பிள்ளைகளின் அமைதியைப் பார்த்தால் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! நல்ல பிள்ளை, சமத்து, தொந்தரவே இல்லை. அந்த அமைதிக்குள் என்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது எட்டிப் பார்க்கிறோமா? நான் பார்க்கவில்லை. பரிசு கொடுத்தேன்.

“உங்க தொண்ட சரி ஆயிடிச்சா டீச்சர்?” என்றாள் அடுத்து. தலையை மட்டும் ஆட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் சைரன் எங்கே இருக்கிறது, நைனா எப்போது வருவார், பக்கத்துக் கட்டில் பையன் ஏன் அழுகிறான்... அந்தக் காற்றுக் குரலிலேயே கொட்டித் தீர்த்தாள்.

மருந்தோடு வந்த நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். “தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு சொல்லியிருக்கு. ஏம்மா, நீங்க இவ டீச்சர்தானே? கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க.”

“சிஸ்டர்... அதை மட்டும் நீங்களே சொல்லிடுங்க” என்றேன்.