பனிக்குள் பெட்ராலியா: எங்கள் சின்னக் கார் போய்வந்த கதை

கடலோரப் பலேர்மோவில் பனி பெய்வது அபூர்வம். அதனால் இங்கே கார் வைத்திருக்கும் எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்குப் பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. எனக்கோ கார் ஓட்டவே தெரியாது. போன ஜனவரியில் மதோனியே மலைக்கு என்னை அழைத்துப்போனது மனைவி சுகந்தி.

காரணம் மேரி. மன்னார்க்காரி. மலையில் உள்ள பெட்ராலியா சொப்ரானாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கிறாள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, திங்கள் காலை பலேர்மோ பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அவள் கைரேகை கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோடையில் ஊரில் தங்கையின் கல்யாணம்; அனுமதி இல்லாமல் போய்வர முடியாது. வெள்ளிக்கிழமை பனி கொட்டி, பஸ் நின்றுவிட்டது.

சுகந்தி போனில் சொன்னாள்: "ஞாயிறு வாறன் மேரி. ஆனால் பனி அள்ளின இடம் மட்டும்தான் வருவன். அதுக்கு மேலை வரமாட்டன். கோவிக்கக் கூடாது."

"ஓம் அக்கா. நீங்கள் வந்தால் காணும்."

எங்களுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணப் பழைய கார். சனிக்கிழமை நாற்பத்தைந்து யூரோவுக்கு டயர்ச் சங்கிலி வாங்கினோம். சுகந்தி கையுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மூன்று தரம் பூட்டிக் கழற்றிப் பார்த்தாள். நகர நடுவில், பொலிதேயாமாவில் அவள் துப்புரவு செய்யும் அலுவலகத்தின் காவலாளி மலையூர்க்காரர்; இறக்கத்தில் பிரேக்கை விடக் கியரை நம்பச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் ஈரம்கூட இல்லை. ட்ரெமோன்செல்லியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெள்ளை. வழுக்கத் தொடங்கும் முன்பே, மட்டமான இடம் பார்த்து நிறுத்திச் சங்கிலி பூட்டினாள். பிறகு முப்பதுக்கு மேல் ஓட்டவில்லை. எங்களை முந்திப்போன ஒரு கார் நாலு வளைவு தாண்டி ஓடைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நல்ல காலம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இழுக்க வண்டி வருகிறதாம்.

மேரியின் ஊருக்குக் கீழே உள்ள பெட்ராலியா சொத்தானாவில் பனி தள்ளும் வண்டிக்காரர் கையைக் காட்டி மறித்தார். மேலூருக்குப் போகும் பாதை இன்னும் துப்புரவாகவில்லை, இன்றைக்கு முடியுமோ தெரியாது என்றார்.

"மூண்டு கிலோமீற்றர்தானே," என்றேன். "சங்கிலியும் இருக்கு."

"இல்லை. நான் சொன்னனான்," என்றாள். கார் எஞ்சினை நிறுத்தி, மேரிக்கு அழைத்தாள்.

சுகந்தி விஷயத்தைச் சொன்னாள். மேரி, "அப்ப நான் நடந்து வாறன் அக்கா. ஐயாவைப் பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா பாத்துக்கொள்ளுவா," என்றாள்.

எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தோடே மேரியை எதிர்கொள்ள மேலே நடந்தேன். இரண்டாம் வளைவில் முழங்கால் வரை பனி. அதன் கீழே கண்ணாடிபோல் ஐஸ். இரண்டு தரம் விழுந்தேன். அந்த இடத்தில் எங்கள் கார் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. மேரி மதிலைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பத்திரங்கள் கோட்டுக்குள்.

மூவரும் காரில் ஏறித் திரும்பினோம். இறக்கத்தில் முன்னால் போன வான் திடீரென்று குறுக்கே சுழன்று நின்றது. "பிறேக்கைப் பிடியும்!" என்று கத்தினேன்.

"கதைக்காதேங்கோ."

ஏற்கெனவே இரண்டாம் கியர். முன்வண்டிக்கும் எங்களுக்கும் நாலைந்து பஸ் நீள இடைவெளி. முதலாம் கியருக்கு இறக்கி, பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டாள். கார் கொஞ்சம் வழுக்கி, வானுக்கு ஆறடி முன்னால் நின்றது. பின்சீட்டில் மேரியின் செபம் பாதியில் நின்றிருந்தது. வான் நிமிர்ந்து நகர்ந்த பிறகுதான் சுகந்தி காரை எடுத்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: சங்கிலியை வீட்டிலேயே பூட்டிப் பழகுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காருக்கு முன்சக்கரத்தில்தான் பூட்ட வேண்டும். பனியில்லாத வீதி வந்ததும் கழற்றிவிடுங்கள். டாங்கி நிறையப் பெற்றோல், போர்வை, குடிதண்ணீர், சார்ஜ் உள்ள போன் வேண்டும். வீதிப் பலகை சங்கிலி கேட்டால், அது இல்லாமல் மேலே போகாதீர்கள். எங்கே திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவெடுங்கள். ஓட்டுபவர் அதைச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் என்னைப்போல் வாதாடக் கூடாது.

திங்கள் பத்து மணிக்கு மேரி கைரேகை கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அன்றே கொண்டுபோய் விடவா என்று கேட்டேன், ஏதோ நான் ஓட்டப்போவதுபோல்.

"வேண்டாம் அண்ணை," என்றாள் மேரி. "பாதை திறக்கட்டும்."

சுகந்தி சிரித்தாள். மேரி புதன்கிழமை பஸ்ஸில் போனாள்.