கயிறு இழுத்த கை

நாடு விடுதலை பெற்ற ஆண்டில் நாங்கள் காஜா பெராங் என்னும் பகுதியில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது என் மகளுக்கு நான்கு மாதம். இடுப்பில் இருந்தவளை மார்போடு அணைத்துக்கொண்டதில் என் வலது தோள் சிமெண்டில் மோதியது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விலகிய எலும்புக்கு மூன்று வாரம் கட்டு இருந்தால் போதும் என்றார் டாக்டர். நான் மூன்று மாதம் வைத்திருந்தேன். அவிழ்க்கலாம் என்று நினைப்பேன். எலும்பு மறுபடி விலகிவிடுமோ என்று பயந்து மாமியாரையே இறுக்கிக் கட்டச் சொல்வேன். கடைசியில் அவிழ்த்தபோது தோளுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தது. சோறு பிசைய முடிந்தது. கையை உயர்த்த முடியவில்லை. குழந்தையை யாராவது தூக்கி என் மடியில் வைக்க வேண்டும். அழும்போது அவள் மாமியாரைப் பார்த்தே கை நீட்டினாள்.

வேலை செய்யாத தசை மெலியும், அந்த இடத்தில் கொழுப்பு படியும் என்றார் டாக்டர். கொழுப்பு மறுபடி தசையாகுமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, மிஞ்சிய தசையைப் பயிற்சியால் வளர்க்கலாம், கொழுப்பும் ஓரளவு குறையலாம், நாளாகும் என்றார்.

மருத்துவமனைத் தாதியை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். அவர் சொன்னபடி உத்தரத்தில் கயிறு போட்டேன். ஒரு முனையை இடது கையால் இழுத்தால், மறு முனையைப் பிடித்த வலது கை மேலே போகும். கை எட்டிய உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்தேன்.

"தண்ணி இறைக்கிற மாதிரியே இழுக்கிறியே. தண்ணிதான் வரல," என்பார் மாமியார்.

இரண்டு மாதத்தில் கை தலைக்கு மேலே போனது. பெருமையோடு மருத்துவமனைக்குப் போனேன்.

"கயித்த விட்டுட்டுத் தூக்குங்க பாப்போம்," என்றார் மிஸ்ஸி.

கை மார்பளவில் நின்றுவிட்டது. அவர் தோளை அழுத்திப் பார்த்தார்.

"இத்தன நாளும் இடது கைதாம்மா வேலை செஞ்சிருக்கு. இது சும்மா தொங்கிக்கிட்டே போயிருக்கு."

"நீங்கதானே மிஸ்ஸி கயிறு போடச் சொன்னீங்க?"

"ரெண்டு வாரத்துக்குத்தாம்மா. அப்புறம் வந்து காட்டுங்கன்னு சொன்னேனே."

சொல்லியிருந்தார். காட்டும்படி முன்னேற்றம் வரட்டும் என்று தள்ளிப்போட்டது நான்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சுவரில் விரல்களை நடத்தி ஏற்றினேன். பிறகு பால் டின்னில் மணல் போட்டுத் தூக்கினேன். ஒவ்வொரு வலிக்கும், இது வளர்கிற வலியா கிழிகிற வலியா என்று சந்தேகம்.

"வலிச்சா நிப்பாட்டு. அசந்தா நிப்பாட்டாத. அவ்வளவுதானே மிஸ்ஸி சொன்னது?" என்றார் கணவர்.

"ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதாங்க இருக்கு."

டின்னில் மணல் ஏற ஏற, மகளும் கனத்துக்கொண்டே போனாள். ஒரு காலையில் அவள் நாற்காலியைப் பிடித்து நின்று அழுதாள். மாமியார் அடுக்களையிலிருந்து வருவதற்குள் நான் குனிந்து தூக்கிவிட்டேன்.

"எந்தக் கை தூக்குச்சு?" என்றார் மாமியார்.

"தெரியல அத்தை."

உண்மையிலேயே தெரியவில்லை. மகளை வலது பக்கம் சாய்த்து, இடது கையை மெல்ல விலக்கினேன். தோள் நடுங்கியது, ஆனால் தாங்கியது. மாமியார் அவளுக்குக் கீழே இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.