சீதாலக்ஷ்மியின் வாய்மொழித் தேர்வு

கரமனை அக்ரஹாரத்துச் சீதாலக்ஷ்மிக்கு ஐம்பத்துநாலு வயதில் தமிழ் படிக்க வேண்டி வந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுவதென்னவோ தமிழ்தான். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. பள்ளிக்கூடம், கல்லூரி, முப்பது வருஷ ஆபீஸ் உத்தியோகம் எல்லாம் மலையாளத்திலேயே நடந்துவிட்டன.

மகன் ஜெயந்தின் நிச்சயதார்த்தம் திருநெல்வேலியில் நடந்தது. சாஸ்திரிகளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் சம்பந்தி மாமி லக்னப் பத்திரிகையை இவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாள் சீதாலக்ஷ்மி. கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை நாகரிகமான குடும்பம். மாமி மட்டும் பரவாயில்லை என்று நாலு தடவை சொன்னாள்.

அடுத்த வாரமே தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த தமிழ் மொழி, பண்பாட்டு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஆறு மாதப் படிப்பு. ஆசிரியர் நேசமணி எல்லையோரத்துப் பாறசாலைக்காரர். வகுப்பில் ஒரு சொட்டு மலையாளம் சிந்தினாலும் துடைத்துவிட்டுத்தான் மேலே போவார். முதல் நாள் இவள் குடிக்க வெள்ளம் கேட்டாள். வெள்ளம் என்பது ஊரை அடித்துக்கொண்டு போவது, குடிப்பது தண்ணீர் என்று பலகையில் எழுதிக் காட்டினார். பண்பாட்டு வகுப்பு இன்னும் விசேஷம். வாசலில் கோலம் போடுவதைத் திரையில் படமாகக் காட்டினார்கள். காலையில் அதைப் போட்டுவிட்டு பஸ் ஏறியிருந்த சீதாலக்ஷ்மி குறிப்பெடுத்துக்கொண்டாள்.

எழுத்து சீக்கிரமே பிடிபட்டது. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் நாகர்கோவில் பஸ்ஸின் பெயர்ப் பலகையில் தொடங்கி, அதன் முதுகிலிருந்த ஜவுளிக்கடை விளம்பரம் வரை எழுத்தெழுத்தாக வாசித்து முடித்தாள். அதற்குள் கரமனை பஸ் போய்விட்டது. அவளுக்கு அது ஒரு நஷ்டமாகவே படவில்லை.

எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்கு எழுபத்தொன்று. வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார். வேண்டியவர்கள் கேட்டதுபோல் சீதாலக்ஷ்மி மனம் விட்டுப் பேசினாள்.

"எங்காத்துல நாலு முறி உண்டு. மழை பெஞ்சா அடுக்களையில சோரும். அதாக்கும் சங்கடம்."

அடுக்களையில் சோறு இருப்பதில் என்ன சங்கடம் என்று பேராசிரியை கேட்டார். முறி என்றது அறையை, சோரும் என்றது கூரை ஒழுகுவதை என்று விளக்க இவளுக்குத் தமிழ் வரவில்லை.

இருபத்தைந்துக்கு ஆறு. பக்கத்து நாற்காலிக்காரி ஜினு, சென்னையில் வேலை கிடைத்திருந்த நர்ஸ், இருபத்துநாலு வாங்கினாள். எனது இல்லம் அழகானது, முற்றத்தில் பசுவும் கன்றும் உள்ளன என்று ஒப்பித்திருந்தாள். அவள் குடியிருப்பது ஒன்பதாம் மாடி ஃப்ளாட்டில்.

தாய்மொழி பேசத் தெரியாதவள் என்று மார்க் லிஸ்டில் அச்சாகிவிட்டதே என்று சீதாலக்ஷ்மி அதை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தாள். படிக்கட்டில் நேசமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டிலயும் மழைக்குச் சோரத்தான் செய்யும். இங்க யாருட்டயும் சொல்லாண்டாம். மறுதேர்வு உண்டும்மா."

கணவர் சாம்பசிவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இருபத்தெட்டு வருஷமாகத் தன்னைத் திட்டியது எந்த பாஷையில் என்று விசாரித்தார்.

சீதாலக்ஷ்மி ஜினுவிடமிருந்து அந்தப் பசுவையும் கன்றையும் வாட்ஸ்அப்பில் வரவழைத்து இரண்டு வாரம் மனப்பாடம் செய்தாள். மறுதேர்வில் அதே பேராசிரியை. பசு என்ன நிறம் என்றார். பாடத்தில் இல்லாத கேள்வி. வெள்ளை என்று துணிந்து சொன்னாள். இருபத்துமூன்று கிடைத்தது, உச்சரிப்பில் நல்ல முன்னேற்றம் என்று பாராட்டு வேறு.

தமிழில் எளிய உரையாடல் நிகழ்த்தத் தகுதியுடையவர் என்று சான்றிதழ் வந்தது. தமிழ் எழுத்து தெரியாத சாம்பசிவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டார்.

"ஜூன்ல. அதுவரைக்கும் என்கிட்ட பேசாதேங்கோ, தோத்துப் போயிடுவேள்" என்றாள் சீதாலக்ஷ்மி.