குரும்பலூர் டவுன் பஸ்ஸில் யாருக்கும் சந்தோஷம் இல்லை

அரசு நன்றாகப் பார்த்துக்கொள்ளும் நாட்டில் மக்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று சொல்லும் ஒரு கட்டுரையைத் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். காய்கறிக் கடையில்கூடத் தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். போன மாதம் அரியலூருக்குக் கல்யாணத்துக்குப் போனபோது மறுநாள் வேலை ஏதும் இல்லை. சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று ஒரு நோட்டோடு கிளம்பிவிட்டேன்.

காலை 7.40க்கு அரியலூரில் பஸ். பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இட்லி சாப்பிட்டுவிட்டு, 9.20க்குக் குரும்பலூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு இலவசம். அந்த டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒரிஜினல்தான் மேடம், பத்திரமா வச்சுக்கங்க" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் மல்லிகா, சின்ன வெங்காயம் அறுக்கும் கூலி வேலை என்றார். மடியில் ஸ்வீட் டப்பா. அதில் விரலால் தாளம் போட்டபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் நோட்டை எடுத்தேன்.

"அக்கா, மாசாமாசம் உரிமைத்தொகை வருது, பஸ் இலவசம், அரிசி இலவசம். சந்தோஷமா இருக்கீங்களா?"

தாளம் நின்றது. டப்பா பைக்குள் போனது.

"நீங்க எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ்லாம் இல்லக்கா. நானா எழுதுறேன்."

"சும்மா யாரு நோட்டுல எழுதுவா? சந்தோஷமாவது ஒண்ணாவது! முட்டி வலில உசுரு போவுது. மழ பேஞ்சா வூடு ஒழுவுது."

முன் சீட்டுக்காரர் திரும்பி, "எனக்குச் சுகருங்க, எழுதிக்கங்க" என்றார். பின்னாலிருந்து முதுகுவலி, மூச்சிரைப்பு எல்லாம் வந்தன. மொத்தம் ஐந்து பேரை எழுதிக்கொண்டேன். 'பார்த்தாயா, கட்டுரை சுத்தப் புளுகு' என்று தோழிக்குச் செய்தி தட்டினேன். எனக்கு ஒரே குஷி.

எட்டு கிலோமீட்டர்; 9.45க்குக் குரும்பலூர். மல்லிகா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கண்டக்டர் என்னிடம் குனிந்தார். "நோட்ட உள்ள வைங்க மேடம். போன வருசம் ஒருத்தர் இப்படித்தான் கேட்டு எழுதிட்டுப் போனாரு. மறுமாசம் இங்க ரெண்டு பேருக்குப் பணம் நின்னுபோச்சு. அவருதான் காரணமோ என்னமோ. சிரிச்சா வசதின்னு எழுதிருவாங்கன்னு இவங்களுக்கு பயம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "ம்மா, போன்ல சொன்னேன்ல, நர்ஸ் வேல ஆர்டர், இதாம்மா!" மல்லிகா டப்பாவைத் திறந்து, வாய்கொள்ளாச் சிரிப்போடு ஒரு முழு லட்டை மகள் வாயில் திணித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கை மறுபடி முட்டிக்குப் போனது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாடெல்லாம் போய்க் கேட்டு எழுதுகிறார்களே, பதில் சொன்னவர்கள் இப்படி எத்தனை லட்டுகளைப் பைக்குள் தள்ளியிருப்பார்கள்?

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: டவுன் பஸ்ஸில் ஆண்கள் சில்லறை வைத்திருங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கே வெயில் தாங்காது. நோட்டை மட்டும் தயவுசெய்து வெளியே எடுக்காதீர்கள்.

பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் கண்ஜாடையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணும் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாயிலிருந்த லட்டை மெல்லாமல் நின்றாள்.