லினக்ஸில் திறந்த கல்யாண ஆல்பம்

செல்போனில் ஒரு வீடியோவை முக்கால்வாசி பார்த்துவிட்டு, என்னைக் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று நம்பிய ஆள் நான். விஷயம் மிச்சக் கால்வாசியில் இருந்திருக்கிறது.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. கடைக் கம்ப்யூட்டர் என்னைப் போலவே மூச்சு வாங்கியது. புது விண்டோஸைத் தாங்காது என்றார்கள். சும்மா கிடைக்கிறதே என்று, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். கல்யாண ஆல்பம் செய்யும் என் பழைய மென்பொருளோ விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. அதற்கும் வழி இருந்தது. இடையில் இன்னொரு மென்பொருளை நிறுத்தினால், விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அது ஓடும். ஓடவும் செய்தது. போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். டீக்கடைக்காரர் மட்டும், "முன்னயும் இப்படித்தான வே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம்தான் பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். விவசாயி, என்னைவிட இளையவர். அவர் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். மனைவி இறந்துவிட்டாராம்.

"பதினாறாம் நாள் காரியம் வருது அண்ணாச்சி. வீட்டுல மாட்ட ஒரு படம் வேணும். ஆல்பம் மழைல நனைஞ்சு பக்கம் பக்கமா ஒட்டிட்டு."

"செல்லுல இருக்குமே தம்பி?"

"எல்லாத்துலயும் உம்முன்னு இருக்கா. மாலை மாத்தும்போது என் தலப்பா கழண்டு விழுந்துச்சுல்லா, அப்ப சிரிச்சா. அதுதான் வேணும்."

அந்தச் சிரிப்பு என் கடையில் ஆல்பம் ஃபைலுக்குள் மட்டும்தான் இருந்தது. தனிப் படங்களை இடம் போதாமல் எப்போதோ அழித்திருந்தேன்.

"ஸ்கிரீன் முன்ன மாதிரி இல்லையே. இதுல தொறக்குமா?"

"அதெல்லாம் ஓடும். உக்காருங்க."

திறந்தது. தங்கக் கொடி வேலைப்பாடு வந்தது, இருவர் பெயரும் வந்தன. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். "படம் வர லேட்டாகும்" என்று அளந்துவிட்டு, அங்கே இங்கே தட்டிப் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கடைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால், இடது கை தானாகவே சேவ் பண்ணிக்கொண்டே இருக்கும். அன்றைக்கும் பண்ணியது. ஃபைலுக்குள் இருந்த படங்களை லினக்ஸில் அந்த மென்பொருளால் எடுக்க முடியவில்லை; அது தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதிவைக்கும். அதற்குத் தெரிந்தவை காலிக் கட்டங்கள். நல்ல ஃபைலின் மேலேயே அவற்றை எழுதிவிட்டது. நான் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. வீடியோவின் மிச்சக் கால்வாசியில் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபைலின் அளவு சுருங்கியிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வந்துருமா அண்ணாச்சி?"

"வந்துரும்."

பென்டிரைவில் போட்டுக்கொண்டு, விண்டோஸ் இருக்கிற பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அங்கேயும் அதே கட்டங்கள். திரும்பி வந்து சொன்னேன். அவர் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்கனதான் இருந்தா" என்றார். அவர் செல்லிலிருந்த உம்மென்ற படம் ஒன்றைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

சில மாதம் கழித்து அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். விண்டோஸ், லினக்ஸ் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தியன்னா, நான் அந்த ஃபைல வாங்கிக்கிட்டு வேற கடைக்குப் போயிருப்பேன் அண்ணாச்சி."